சின்ன ஊர் மருத்துவமனைகள் ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு வெளியூர் நிறுவனத்தை நம்பாமல், உள்ளூர் ரேடியாலஜிஸ்ட்டுகளை (ஸ்கேன் படத்தைப் படித்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர்களை) பகிர்ந்துகொள்ள முடியுமா?

பகலில் முடியும். இரவில் கஷ்டம். நீங்கள் மருத்துவமனை நிர்வாகத்தில் இருப்பவர், மாதக் கடைசியில் ரிப்போர்ட் பில்லைப் பார்த்த கடுப்பில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, மன்னார்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சி.டி. டெக்னீஷியன். "டெக்னீஷியனுக்கு என்ன தெரியும்" என்று வருகிறவர்கள் இத்தோடு அடுத்த பதிலுக்குப் போய்விடலாம்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையைக் கடந்தது. கரண்ட் இல்லை, நெட் இல்லை, போனும் இல்லை. ஜெனரேட்டரில் மெஷின் ஓடியது, ஆனால் எடுத்த படத்தை அனுப்ப வழியில்லை. நாங்கள் அதுவரை எல்லா ரிப்போர்ட்டுக்கும் வெளியூரைத்தான் நம்பியிருந்தோம். இரண்டு நாள் கழித்து, சரிந்த ஓட்டைச் சரிசெய்யக் கூரை ஏறிய பெரியவர் ஒருவர் விழுந்து தலையில் அடிபட்டு வந்தார். படத்தில் மூளைக்குள் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி. இரத்தக் கசிவும் வெள்ளையாகத் தெரியும், சுண்ணாம்புப் படிவும் வெள்ளையாகத்தான் தெரியும். அடர்த்தி எண்ணை வைத்துப் பிரிப்பார்கள், 100-க்கு மேல் போனால் அது இரத்தம் இல்லை என்பார்கள், ஆனால் புள்ளி சின்னதாக இருந்தால் எண் குறைத்துக் காட்டிவிடும், அன்றைக்கும் நடுவிலேயே நின்றது. தஞ்சாவூருக்கு அனுப்பலாம் என்றால் வழியெல்லாம் மரம்.

ஊரில் சொந்தமாக ஸ்கேன் சென்டர் வைத்திருக்கும் ரேடியாலஜிஸ்ட் ஒருவர் உண்டு. எங்களுக்குப் போட்டி என்பதால் எங்கள் முதலாளி அவரோடு பேசவே மாட்டார். வேறு வழியில்லாமல் நானே சைக்கிளில் போய்க் கூப்பிட்டேன். கைலியோடு வந்து மானிட்டர் முன்னால் உட்கார்ந்தவர் பெரியவரின் மகனிடம் முதலில் கேட்டது, "தம்பி, அப்பாவுக்கு இதுக்கு முன்னால எப்பவாவது தலையில ஸ்கேன் எடுத்தீங்களா?" எடுத்திருந்தார்கள், 2016-ல். கட்டிலுக்கடியில் மஞ்சப்பையில் பாதி நனைந்து கிடந்த ஃபிலிமை அந்தப் பையன் ஓடிப்போய்க் கொண்டுவந்தான். அதே இடத்தில் அதே அளவில் அதே புள்ளி. அப்போ அது பழைய சுண்ணாம்புப் படிவுதான், புதுக் கசிவு இல்லை. தையல் போட்டு, ஒரு ராத்திரி வைத்துப் பார்த்து அனுப்பிவிட்டோம்.

வெளியூர் டாக்டர்கள் மட்டம் என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள். அவர்களிடம் நல்ல ரிப்போர்ட் நிறையப் பார்த்திருக்கிறேன். பழைய படம் இருக்கிறதா என்று கேட்க அவர்களுக்கு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

(அதே புயலில் எங்கள் தோப்பில் 40 தென்னை போச்சு. மரத்துக்கு 1,100 ரூபாய் நிவாரணம் என்றார்கள், அதில் 500 விழுந்த மரத்தை வெட்டி அகற்றவே. வைத்த கன்று காய்க்க எத்தனை வருஷம் ஆகும் என்று கணக்குப் போட்டவர் யாரோ! கேள்விக்குச் சம்பந்தமில்லை, விடுங்கள்.)

அப்புறம் எங்கள் முதலாளியே இறங்கிவந்தார். நாங்கள், திருத்துறைப்பூண்டியில் ஒன்று, பட்டுக்கோட்டையில் ஒன்று, மூன்று மருத்துவமனை சேர்ந்து அந்த ரேடியாலஜிஸ்ட்டையும், ரேடியாலஜிஸ்ட்டான இன்னொரு அம்மாவையும் பேசி வைத்தோம். முதலில் படத்துக்கு இவ்வளவு என்று வைத்தது உருப்படவில்லை, மருத்துவமனைகள் சுலபமானதை எல்லாம் பழைய வெளியூர் நிறுவனத்துக்கே அனுப்பிவிட்டு, சிக்கலானதை மட்டும் சாயங்காலம் ஆறு மணிக்கு இவர்கள் தலையில் கட்டினார்கள். மாதத்துக்கு இவ்வளவு, படம் வந்தாலும் வராவிட்டாலும் உண்டு என்று மாற்றிய பிறகுதான் ஏற்பாடு நிலைத்தது.

சி.டி., எக்ஸ்ரே படங்கள் நெட்டில் போய்விடும். அல்ட்ராசவுண்டு அப்படி இல்லை, டாக்டர் பக்கத்தில் இருந்து கையால் பார்க்க வேண்டும். அதில் கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டத்தின் விதி ஒன்று இருக்கிறது: ஒரு டாக்டர் ஒரு மாவட்டத்துக்குள் இரண்டு இடத்தில்தான் பதிவு செய்யலாம். பட்டுக்கோட்டை எங்களுக்கு மதுக்கூர் வழியாகப் பக்கம்தான், ஆனால் அது தஞ்சாவூர் மாவட்டம், நாங்கள் திருவாரூர். அதனால் அவர்கள் அல்ட்ராசவுண்டுக்குத் தனியாக ஆள் பார்த்துக்கொண்டார்கள். நீங்கள் கூட்டுச் சேருவதற்கு முன் மாவட்ட எல்லையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரவு பத்துக்கு மேல் இன்றும் வெளியூர்தான். இரண்டு பேர் எத்தனை ராத்திரி கண் விழிப்பார்கள்? ஆனால் படத்தோடு அனுப்பும் படிவத்தில் 'முந்தைய ஸ்கேன்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. புயலுக்கு முன்னால் நான் அதில் ஒரு கோடு இழுத்துவிட்டு அனுப்பிவிடுவேன். இப்போது மஞ்சப்பை வரும்வரை படிவத்தை மூடுவதில்லை.