கியூபெக் போக எந்த சீசன்? மாமனார் மாமியாரோட கார்னிவலுக்குப் போகலாமா?

கேள்வி வந்தது டொராண்டோல இருக்கற ஒரு வாசகிகிட்டேருந்து. ஊர்லேருந்து மாமனார் மாமியார் ஜனவரில வந்து ஜூன் கடைசி வரைக்கும் இருக்கப் போறாங்களாம், ரெண்டு பேரும் அறுபத்தஞ்சைத் தாண்டியாச்சு, சுத்த சைவம், மாமியாருக்கு முட்டி வலி, கூட ஆறு வயசுப் பொண்ணு. கியூபெக் சிட்டிக்கு ஒரே ஒரு ட்ரிப்தான் முடியும், வீட்டுக்காரர் பிப்ரவரில அங்க நடக்கற பனித் திருவிழாவுக்கு, அதான் கார்னிவலுக்குங்கறார், இவங்க "அந்தக் குளிர்ல பெரியவங்கள இழுத்துட்டுப் போறதா, மார்ச்ல மேப்பிள் சிரப் சீசனுக்கோ ஜூன்லயோ போலாமே"ங்கறாங்க.

என் ஓட்டு உங்க வீட்டுக்காரருக்குத்தான், கோச்சுக்காதீங்க. மேப்பிள் மரத்துச் சாறு காய்ச்சறத பார்க்க கியூபெக் வரைக்கும் போகணும்னு இல்ல, உங்க ஒண்டாரியோலயே டொராண்டோலேருந்து ஒன்றரை ரெண்டு மணி நேரத்துல தோட்டங்கள் இருக்கு. ஜூன்ல கச்சேரி, தெருத் திருவிழான்னா அதுவும் டொராண்டோல கொட்டிக் கிடக்கு. ஆனா ஊரே பழைய நகரத்தைச் சுத்தின கோட்டைச் சுவருக்குப் பக்கத்துல ஐஸ் மாளிகை கட்டி, மைனஸ் பதினஞ்சுல தெருவுல நின்னு கொண்டாடறத அங்கதான் பார்க்கணும். முதல் கார்னிவல் 1894ல நடந்துச்சு, நடுவுல விட்டு விட்டு, 1955லேருந்து வருஷா வருஷம்னு ஆச்சு. குளிர்காலத்துல வேலையும் இல்ல வருமானமும் இல்லன்னு கிடந்த ஊர் தன்னைத்தானே தட்டி எழுப்ப கண்டுபிடிச்ச வழி அது, அதனால டூரிஸ்டுக்குன்னு செஞ்ச செயற்கை இல்ல, உள்ளூர் ஆளுங்களே பிள்ளைகுட்டியோட வந்து நிப்பாங்க.

முதல்ல தேதி. ஜனவரி கடைசிலேருந்து பிப்ரவரி நடுவுக்குள்ள வரும், ஆனா வருஷத்துக்கு வருஷம் மாறும். பிப்ரவரில வர உங்க ஒண்டாரியோ லீவான ஃபேமிலி டே லாங் வீக்கெண்டோட சில வருஷம் சேரும், சில வருஷம் சேராது, அதனால கார்னிவல் சைட்ல தேதிய பார்த்துட்டு அப்புறம் லீவு போடுங்க. ரூம் கோட்டைக்குள்ளயே, இல்லன்னா நடந்து போற தூரத்துல எடுங்க, வெளிய எடுத்தா காசு மிச்சம்தான், ஆனா பெரியவங்களுக்கு விரல் விறைச்சுப்போனா அஞ்சு நிமிஷத்துல ரூமுக்கு வந்துடற வசதி அந்தக் காசுக்கு மேல. காலைல பத்துலேருந்து பன்னெண்டு ஒரு ரவுண்டு, சாப்பிட்டு தூங்கி எழுந்து மூணு மணிக்கு இன்னொரு ரவுண்டு, அவ்ளோதான். ராத்திரி ஊர்வலத்துக்கு நீங்களும் குழந்தையும் போங்க, அங்க ஒரே இடத்துல ஒரு மணி நேரம் நிக்கணும், அந்த நிக்கறதுலதான் குளிர் ஏறும், நடந்தா தெரியாது.

பொண்ணுக்கு போனொம்ம காட்டுங்க, சிவப்புக் குல்லாவும் இடுப்புல கலர்க் கச்சையும் கட்டின பனி மனுஷன், கார்னிவலுக்கு அவர்தான் ராஜா. ஷாட்டோ ஃப்ரோன்டெனாக் ஓட்டல் வாசல்ல இருக்கற நீளமான மேடைல மரத்துல கட்டின டொபோகன் சறுக்கு, அதாவது பலகை வண்டில உக்காந்து பனில சறுக்கற சறுக்கு இருக்கு, 1884லேருந்து இருக்கற விஷயம், தாத்தாவே ஒரு தடவ உக்காரலாம்.

என்னைக் கேட்டா விடக்கூடாத ஒண்ணு ஐஸ் படகுப் போட்டி. செயின்ட் லாரன்ஸ் ஆறு பாதி உறைஞ்சு பெரிய பெரிய ஐஸ் பாளம் மிதந்து வரும், ஒரு படகுக்கு அஞ்சு பேர், தண்ணி கிடைச்சா துடுப்பு போடுவாங்க, பாளம் வந்துட்டா ஒரு கால் படகுக்குள்ள ஒரு கால் ஐஸ் மேலன்னு உந்தித் தள்ளிட்டே ஓடுவாங்க, திடீர்னு அந்தப் பாளம் உடைஞ்சு கால் உள்ள போகும், பார்க்கற நமக்கு வயித்தக் கலக்கும். பாலம் இல்லாத காலத்துல தபாலும் ஆளும் அக்கரைக்குப் போனது இப்படித்தான்.

உடை விஷயத்துல காட்டன் ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைஞ்சா காயாது. தெர்மல், அதுக்கு மேல ஃப்ளீஸ், அதுக்கு மேல காத்து போகாத ஜாக்கெட். மாமியார் புடவைதான் கட்டுவேன்னா கட்டட்டும், உள்ள ரெண்டு தெர்மல் பேண்ட், நல்ல ஸ்னோ பூட்ஸ். ஊர்லேருந்து கொண்டு வந்த மங்கி குல்லாவ யாரும் சிரிக்க மாட்டாங்க, அங்க எல்லாரும் அந்தக் கோலத்துலதான் இருப்பாங்க. ஃபோன உள் பாக்கெட்ல வைங்க, குளிர்ல பேட்டரி பொசுக்குனு போயிடும்.

முட்டி வலிக்கு முக்கியமான விஷயம்: ஊர் மேல் டவுன், கீழ் டவுன்னு ரெண்டு அடுக்கு, நடுவுல இருக்கற படிக்கட்டு பேரே கழுத்தொடிக்கற படின்னு அர்த்தம், பிப்ரவரில பேருக்கு ஏத்த மாதிரி வழுக்கும். பக்கத்துலயே ஃபியூனிகுலர், அதாவது சரிவுல கம்பி இழுத்து ஏறி இறங்கற பெட்டி இருக்கு, 1879லேருந்து ஓடுது, பெரியவங்கள அதுல ஏத்துங்க. பூட்ஸ் அடில மாட்டற முள்ளு ஒரு ஜோடி வாங்கிடுங்க.

சாப்பாட்டுல ஏமாறாதீங்க. பூட்டீன் பார்த்தா உருளை வறுவலும் சீஸும்தான், மேல ஊத்தற கிரேவி பெரும்பாலும் இறைச்சில செய்யறது. பட்டாணி சூப்புல பன்னி, பீன்ஸ்லயும் பன்னி. அங்க பேசறது பிரெஞ்சு, "சான் வியாந்த்"னு சொல்லுங்க, இறைச்சி இல்லாமன்னு அர்த்தம், முன்னாடி வணக்கமா ஒரு "போன்ஷூர்" போட்டா பதில் கொஞ்சம் கனிவா வரும். மின்சார குக்கரும் புளிக்காய்ச்சலும் எடுத்துட்டுப் போறவங்கள நான் கிண்டல் பண்ணவே மாட்டேன்.

மேப்பிள விட்டுடுவோமேன்னு வருத்தப்பட வேண்டாம், கார்னிவல்லயே ஸ்டால் இருக்கும். சாறு இறங்கறது ராத்திரி மைனஸ், பகல் பிளஸ்னு இருக்கற மார்ச் ஏப்ரல்லதான், நாப்பது லிட்டர் சாறு காய்ச்சினா ஒரு லிட்டர் சிரப், கிட்டத்தட்ட நம்ம பதநீர் காய்ச்சற கதை. அத இன்னும் காய்ச்சி, பாகு பதத்துல சுத்தமான பனி மேல கோடா ஊத்துவாங்க, ஒரு குச்சிய வெச்சு சுத்தி எடுத்தா மேல ஜில்லுனு உள்ள வெதுவெதுன்னு ஜவ்வு மாதிரி வரும். சைவம்தான், ஆனா பல்செட் போட்டவங்க ஜாக்கிரதை.

நேரம் இருந்தா மோன்மொரென்சி அருவி, ஊர்லேருந்து காருல கால் மணி நேரம், 83 மீட்டர், நயாகராவ விட உசரம், குளிர்ல அடில சாரல் உறைஞ்சு ஐஸ் குன்றா நிக்கும். கேபிள் கார் ஓடுதான்னு பார்த்துட்டுப் போங்க. ஐஸ் ஓட்டல்ல தங்க வேண்டாம், பகல்ல டிக்கெட் எடுத்து சுத்திப் பார்த்துட்டு வந்தா போதும்.

டொராண்டோலேருந்து 800 கிலோமீட்டர், ஒரே மூச்சுல ஓட்டாதீங்க. மாண்ட்ரியால்ல ஒரு ராத்திரி தங்குங்க, முருகன் கோயில் இருக்கு, இலங்கைத் தமிழர் கடைல இட்லி தோசை கிடைக்கும். வின்டர் டயர் இல்லாம கிளம்பவே கூடாது. கியூபெக்ல தெருவோரம் விளக்கு மினுக்கினா அன்னிக்கு ராத்திரி பனி அள்ளப் போறாங்கன்னு அர்த்தம், அங்க வண்டிய விட்டா காலைல வண்டி இருக்காது.

இன்னொண்ணு, கரிபூன்னு சூடா, திராட்சை ஜூஸ் மாதிரி சிவப்பா ஒண்ணு விப்பாங்க, மணம் தூக்கும். அது ஒயினும் விஸ்கியும் மேப்பிளும் கலந்தது, மாமனார் கைல கப்பு போறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க.