சேரிடம் கேளுங்கள்: கூடை கவிழ்த்த பேராசிரியர்

கேள்வி: மகன்ட போனில் ஒரு பழைய படம் பார்த்தேன் சேர். ரெண்டு வெள்ளைக்காரர் தலையில் பிரம்புக் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆர் இவங்க? பைத்தியமா?
– வாசகி, ஆரையம்பதி

பதில்: பைத்தியம் இல்லை, பௌதிகவியல் பேராசிரியர். நெடுத்து மெலிந்து நிற்பவர் ஒகுஸ்த் பிக்கார். சுவிஸ்காரர், பிரசெல்ஸில் படிப்பித்தவர். பக்கத்தில் அவருடைய உதவியாளர் போல் கிப்ஃபர். அந்தக் கூடைக்குள் ஒரு தலையணை இருக்கிறது. அதுதான் அவர்களுடைய ஹெல்மெட்!

1931 மே 27 விடியப்புறம், ஜேர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரத்தில் இருந்து இருவரும் ஹைட்ரஜன் பலூனில் கிளம்பினார்கள். ஏறிய உயரம் 15,781 மீற்றர். பீதுருதாலகாலையை ஆறு தரம் அடுக்கினாலும் அங்கே எட்டாது. அதற்கு முன் அவ்வளவு உயரத்துக்கு ஒரு மனிதரும் போனதில்லை. விண்வெளியில் இருந்து வரும் காஸ்மிக் கதிர்களை அளக்கத்தான் போனார்கள். அங்கே மூச்சுவிடப் போதுமான காற்று கிடையாது. அதனால் பலூனுக்குக் கீழே நன்றாக மூடிய அலுமினிய உருண்டையைத் தொங்கவிட்டு அதற்குள் இருந்தார்கள்.

ஏறும்போதே உருண்டையில் ஒரு ஓட்டை. உள்ளே இருந்த காற்று ‘உஸ்’ என்று வெளியே போகிறது. பிக்கார் வஸ்லினையும் சணல் தும்பையும் பிசைந்து அடைத்தார். எங்கள் தோணிக்காரர் செய்கிற அதே வேலை. உருண்டையின் ஒரு பாதிக்குக் கறுப்புப் பூசியிருந்தது. வெயில் பக்கம் எதைக் காட்டுவதென்று திருப்புவதற்கு ஒரு மோட்டர் வைத்திருந்தார்கள், அதுவும் பழுது. கறுப்புப் பக்கம் வெயிலில் காய, உள்ளே அவிந்தது. குடிக்கத் தண்ணீர் போதாமல் சுவரில் படிந்த ஈரத்தை நக்கினார்கள். வாயுவைத் திறந்துவிடும் கயிறு சிக்கிவிட்டதால் நினைத்த நேரத்துக்கு இறங்கவும் முடியவில்லை. பொழுது சாய்ந்து பலூன் குளிர்ந்த பிறகுதான், இரவில், ஒஸ்ரியாவில் ஒரு பனிமலையில் வந்து விழுந்தார்கள். அடுத்த வருடமே மனிதர் மறுகாவும் போனார். அந்தத் தரம் 16,000 மீற்றருக்கு மேலே.

கேள்வி: என்ட மகனுக்குப் பத்து வயது. வீட்டில் ரேடியோ ஒன்றும் முழுசாய் இல்லை, எல்லாம் கழற்றியாயிற்று. “ஆராய்ச்சி எண்டு திரியிறவன் குடும்பத்துக்கு உதவமாட்டான்கா” என்று மாமி சொல்றா. அப்படித்தானா சேர்?
– ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: மாமியோடு வழக்காட என்னைக் கூப்பிடாதீர்கள் பிள்ளை. கூடைக்காரரின் மிச்சக் கதையைச் சொல்கிறேன், அவவும் கேட்கட்டும்.

மேலே போய்வந்த மனிதருக்குப் பிறகு கீழே போக ஆசை வந்தது. அதே உருண்டை யோசனைதான், அலுமினியத்துக்குப் பதில் உருக்கு. ஆழ்கடலில் இறங்கும் அந்தக் கலத்துக்கு ‘திரியெஸ்தே’ என்று பெயர். அதைச் செய்ய இத்தாலியில் பணமும் ஆளும் பிடித்துக் கொடுத்தவர் மகன் ஜாக். அவர் படித்தது பொருளியல்! அப்பா தன் ஆசையை மகன் தலையில் கட்டிவிட்டார் என்று யாரும் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கட்டிவிடுகிற தகப்பன் பொருளியல் படிக்க விட்டிருக்கமாட்டார்.

1953 செப்டெம்பர் 30, இத்தாலியின் பொன்சா தீவுக்குப் பக்கத்தில் இருவரும் 3,150 மீற்றர் ஆழத்துக்கு இறங்கினார்கள். அப்பாவுக்கு 69 வயது, மகனுக்கு 31. உள்ளே இடம் ஆறடி அகலம் வரும். முழங்கால் முழங்காலில் முட்டும்.

இதை வாசித்தபோது எனக்கு என் அப்பாதான் வந்தார். தச்சுவேலை செய்தவர், ஐந்தாம் வகுப்புக்கு மேலே பள்ளிக்கூடம் போகவில்லை. பறுவ இரவில், பாடும் மீன் இருக்கிறதென்று சொல்கிற எங்கள் வாவியில், கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்துவார். துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் வைத்து மறுநுனியை என் காதில் வைப்பார். “பாட்டுக் கேக்குதா மனே?” கேட்காத நாளிலும் கேட்கிறது என்று சொல்லியிருக்கிறேன். அந்தத் தோணியிலும் முழங்கால் முட்டத்தான் இருந்தோம். நான் விஞ்ஞான வாத்தியார் ஆனது எந்த வகுப்பறையில் என்று கேட்டால், நான் அந்தத் தோணியைத்தான் காட்டுவேன்.

1960 ஜனவரி 23 அன்று ஜாக், டொன் வோல்ஷ் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரியோடு அதே கலத்தில் பசிபிக் சமுத்திரத்தின் மரியானா ஆழியின் அடிக்குப் போனார். கடலில் ஆகவும் ஆழமான இடம் அதுதான். ஏறக்குறைய 10,900 மீற்றர். கரையில் அப்பாவுக்கு 75 வயது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்து, 1962 மார்ச்சில் லோசானில் கண்மூடினார்.

கேள்வி: எங்கட கடலில் தாண்டு கிடக்கிற ஹேர்மஸ் கப்பலுக்கே பொடியன்மார் சிலிண்டர் கட்டிக்கொண்டு பயந்து பயந்து இறங்குறாங்க. அவ்வளவு ஆழத்துக்குப் போன கலம் எப்படித் திரும்பி மேலே வந்தது?
– கடற்றொழிலாளர், வாழைச்சேனை

பதில்: 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போட்டுத் தாழ்த்திய பிரித்தானியப் போர்க்கப்பல் ஹேர்மஸ் கிடப்பது ஐம்பது மீற்றருக்குக் கொஞ்சம் கூட. மரியானா ஆழி அதைப்போல இருநூறு மடங்கு ஆழம். அங்கே ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் ஒரு தொன்னுக்கு மேல் பாரம் அழுத்தும். காற்று நிரப்பிய தாங்கி நசுங்கிப் போகும். பிக்கார் பெற்றோல் நிரப்பினார். அது தண்ணீரை விட இலேசு, அழுத்தினாலும் பெரிதாகச் சுருங்காது. ஆகவே அது தண்ணீருக்குள் பறக்கிற பலூன். எண்பதாயிரம் லீற்றருக்கு மேல் பிடிக்கும் (2022இல் பெற்றோல் வரிசையில் நின்றவர்கள் பெருமூச்சு விடவேண்டாம்).

பாரத்துக்கு இரும்புக் குண்டுமணிகள். அவற்றை மின்காந்தம் பிடித்து வைத்திருக்கும். மின்சாரத்தை நிறுத்தினால் குண்டுமணி கொட்டும், கலம் தானாக மேலே வரும். எங்கள் வீட்டில் கரண்ட் போனால் எல்லாம் நின்றுவிடும். அங்கே கரண்ட் போனாலும் வீடு வந்து சேரலாம்.

கேள்வி: அந்தக் குடும்பத்தில் இப்போ ஆரும் இருக்கிறாங்களா?
– மாணவன், மருதமுனை

பதில்: ஜாக்கின் மகன் பேர்ட்ராண்ட் இருக்கிறார். 1999இல் பிரயன் ஜோன்ஸோடு பலூனில் ஏறி, எங்கும் இறங்காமல் உலகத்தைச் சுற்றி வந்தவர். இருபது நாளுக்குக் கிட்ட எடுத்தது. அப்படி முதலில் சுற்றியவர்கள் அவர்கள்தான். தொழிலுக்கு அவர் மனநல வைத்தியர்.

களுவாஞ்சிக்குடிப் பிள்ளை, இதையும் மாமியிடம் சொல்லுங்கள்.