மணிமேகலையைக் காணோம்! வாசகர் கேள்வி - பதில்

2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் ‘பொன்னியின் செல்வன்’ இரண்டு பாகங்களாகத் திரைக்கு வந்துபோயின. கல்கியின் நாவலை வரிவரியாகப் படித்தவர்களின் மனத்தாங்கல் மட்டும் இன்னும் தீரவில்லை. கதாபாத்திரங்களை மாற்றியது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கடம்பூர் சிற்றரசரின் மகள் மணிமேகலையை அடியோடு தூக்கிவிட்டார்களே! ஒரு பத்து நிமிடம் கொடுத்திருக்கக் கூடாதா?
*கும்பகோணம் வாசகி*

பத்து நிமிடத்தில் அடங்குகிற பெண் இல்லை அவள். நாவலில் 293 அத்தியாயங்கள். படங்கள் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம். அத்தியாயத்துக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் கிடைக்கிறது. மணிமேகலையை உள்ளே விட்டால் அவள் தனியாக வரமாட்டாள். அண்ணன் கந்தமாறன் தன் நண்பனும் கதையின் நாயகனுமான வந்தியத்தேவனைப் பற்றி அவளிடம் அளந்த கதைகள் வரும். அதே அண்ணன் அவளை அரியணைக்கு ஆசைப்படும் மதுராந்தகனுக்கும், பிறகு பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனுக்கும் கட்டிக்கொடுக்கப் பார்ப்பது வரும். பழுவூர் இளைய ராணி நந்தினியிடம் அவள் ஒட்டிக்கொள்வது, கரிகாலனைக் கொன்ற பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்வது, சித்தம் கலங்குவது, வந்தியத்தேவன் மடியில் உயிர்விடுவது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தாக வேண்டும். அரை மணி நேரத்துக்குக் குறையாது. இரண்டு காட்சியில் வந்து போயிருந்தால் ‘ஒருதலைக் காதல் பெண்’ என்ற அளவில் நின்றிருப்பாள். அதற்கு இல்லாமல் இருப்பதே மேல்.

ஆனால், உண்மையான இழப்பு அவளுடையது அல்ல, வந்தியத்தேவனுடையது. நாவலில் அவன் வாயாடியாக, துடுக்குக்காரனாக வீராணம் ஏரிக்கரையில் குதிரையில் வருகிறான். கடம்பூர் மாளிகையில் கரிகாலன் இறந்ததும் சந்தேகம் அவன்மேல் விழுகிறது. அப்போது ‘நான்தான் கொன்றேன்’ என்று மணிமேகலை முன்னே வந்து நிற்கிறாள். அவளுக்கு ஈடாகத் திருப்பிக் கொடுக்க அவனிடம் எதுவும் இல்லை. அந்தப் பாரம்தான் அவனைப் பெரிய மனிதன் ஆக்குகிறது. கல்கி கடைசி அத்தியாயத்துக்கு வைத்த தலைப்பு ‘மலர் உதிர்ந்தது’. பட்டாபிஷேகத்தோடு கதையை முடித்திருக்கலாம், ஆனால் அவளுடைய சாவில்தான் முடித்தார். படத்து வந்தியத்தேவன் முதல் காட்சியில் எப்படிச் சிரித்தானோ ஏறக்குறைய அப்படியே கடைசிவரை இருக்கிறான். நடிகரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவனை மாற்றக்கூடிய நிகழ்ச்சி திரைக்கதையில் இல்லை. மணிமேகலை போகட்டும், அவள் செய்த வேலையை வேறு யாரிடமாவது ஒப்படைத்திருக்க வேண்டும். அதைச் செய்யவில்லை என்பதுதான் நியாயமான புகார்.

சேந்தன் அமுதன்தான் உண்மையான மதுராந்தகன் என்ற திருப்பத்தையும் விட்டுவிட்டார்களே?
*திருச்சி வாசகர்*

இதில் வெட்டியது சரி என்றே தோன்றுகிறது. இறந்துவிட்டதாக நினைத்த குழந்தை, அதன் இடத்துக்கு வந்த குழந்தை, வாய் பேசாத வாணி அம்மை வளர்த்த பிள்ளை அமுதன் என்று இந்த ரகசியம் முழுவதும் யாராவது உட்கார்ந்து சொல்லித்தான் வெளிவர வேண்டும். வாரத் தொடரில் அது பலம். ஒரு முடிச்சைக் காட்டிவிட்டு ஏழு நாள் காக்கவைக்கலாம். படத்தின் கடைசி முக்கால் மணி நேரத்தில் அதே ரகசியத்தைப் பேச்சால் அவிழ்த்தால் அரங்கில் செல்போன் வெளிச்சம்தான் தெரியும்.

இதற்கும் ஒரு விலை உண்டு. நாவலில் அரசே வேண்டாம் என்கிற, சிவபூசைக்குப் பூப்பறிக்கிற அமுதனின் தலையில் இளவரசன் அருள்மொழி (பிற்கால இராசராசன்) கிரீடத்தை வைக்கிறான். படத்தில் அரியணைக்காக முட்டிமோதிய மதுராந்தகனுக்கே அது போகிறது. முன்னதில் வியப்பு இருக்கிறது, பின்னதில் சமரச வாடை அடிக்கிறது. அமுதனை மணந்து அரசியாக வேண்டிய படகுக்காரப் பெண் பூங்குழலியின் கதையும் பாதியில் நின்றுவிடுகிறது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். குழந்தை மாறாட்டமே கல்கியின் கற்பனை. மதுராந்தகன் என்ற உத்தம சோழர், சோழ மன்னர் கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த மகன் என்பதே வரலாறு. இந்த இடத்தில் படம் நாவலைவிட வரலாற்றுக்குப் பக்கத்தில் நிற்கிறது!

கரிகாலனைக் கொன்றது யார் என்று கல்கி மூடுமந்திரமாக விட்டார். படம் ஏன் போட்டு உடைத்தது?
*மதுரை வாசகர்*

நாவலில் இருட்டறை, அணைந்த விளக்கு, பலருக்குக் காரணம், பல கத்திகள். பிற்பாடு நந்தினியின் கணவர் பெரிய பழுவேட்டரையர் பழியைத் தானே ஏற்கும்போதும் வாசகருக்குச் சந்தேகம் மிச்சம் இருக்கும். திரையில் கேமரா எங்கோ நின்று பார்த்தாக வேண்டும். காட்டாமல் விட்டால் ஏமாற்றியதாகத் தோன்றும். அதனால் கரிகாலன் சாவைத் தேடி நந்தினியிடம் வருகிறவனாக ஆனான். மர்மக் கதை காதல் சோகமாக மாறியது. இந்த மாற்றத்துக்குத் தேவையான அடித்தளத்தைப் போட்டிருக்கிறார்கள் என்பதை மறுக்க முடியாது. இரண்டாம் பாகத்தைச் சிறுவயதுக் காதலோடு தொடங்கியது இதற்காகத்தான். நந்தினி நீரில் மூழ்குவதும் இதன் தொடர்ச்சி. நாவலில் அவள் குதிரையேறித் தப்பிவிடுகிறாள்.

‘வரலாற்றையே மாற்றிவிட்டார்கள்’ என்று எழுதியவர்களுக்கு: நந்தினி வரலாற்றில் இல்லை. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு, இராசராசனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதில் சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் பெயர்கள் வருகின்றன. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று குறித்து, அவர்களுடைய உறவினரின் சொத்தும் பறிமுதலான செய்தி இருக்கிறது. கத்தி யார் கையில் இருந்தது என்று கல்வெட்டு சொல்லவில்லை.

தொடருக்கு ஓவியர் மணியம் வரைந்த முகங்களோடு நடிகர்கள் ஒத்துப்போகவில்லையே?
*காரைக்குடி வாசகி*

ஒத்துப்போகாது. ஆனால் ஒரு விஷயத்தில் திரை ஜெயித்தது. நந்தினியும் அவள் தாய் ஊமை ராணியும் ஒரே சாயல் என்பதை நிலைநாட்டக் கல்கிக்குப் பல பக்கங்கள் பிடித்தன. படத்தில் ஒரே நடிகைக்கு இரட்டை வேடம், ஒரு நொடியில் வேலை முடிந்தது.

மூலக்கதையைச் சிதைத்ததாக வாசகர்கள் வழக்குப் போட முடியுமா?
*சென்னை வாசகர்*

முடியாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, தன் படைப்பைத் தன் பெயருக்கு இழுக்கு வரும்படி சிதைப்பதைத் தடுக்கும் உரிமையைப் படைப்பாளிக்கும் அவருடைய சட்டப் பிரதிநிதிகளுக்கும்தான் தருகிறது. இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி தம் நாவலைப் படமாக்கிய விதத்தை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தார். படமாக்கும் உரிமையை விற்றபிறகும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 1986-இல் ஏற்றது. கல்கியின் எழுத்துகள் 1999-இல் நாட்டுடைமை ஆனவை. நாளைக்கே இன்னொருவர் மணிமேகலையை மட்டும் வைத்து ஒரு தொடர் எடுக்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

எழுத்தாளரே முன்வந்து திருத்திய உதாரணம் உண்டா?
*ஈரோடு வாசகர்*

உண்டு. ஸ்டீபன் கிங், தம் ‘தி ஷைனிங்’ நாவலின் நாயகன் 1980-இல் வந்த இயக்குநர் குப்ரிக்கின் படத்தில் தொடக்கத்திலிருந்தே பைத்தியக்காரனாகத் தெரிகிறான், நல்லவன் சிறுகச் சிறுகக் கெடுவது காணாமல் போய்விட்டது என்று குறைபட்டார். 1997-இல் தாமே எழுதித் தொலைக்காட்சித் தொடராக்கினார். பாத்திரம் மீண்டது. ஆனால் இன்றும் எல்லோரும் பேசுவது குப்ரிக்கின் படத்தைத்தான்.

கல்கி காலத்து வாசகர்களும் இப்படிச் சண்டை பிடித்தார்களா?
*தஞ்சாவூர் வாசகி*

பிடிக்காமல் என்ன! 1950-இல் தொடங்கிய தொடர் 1954-இல் முடிந்ததும், ‘அவர் என்ன ஆனார், இவள் என்ன ஆனாள்’ என்று கேட்டவர்களுக்காகவே அவர் தனியாக முடிவுரை எழுதினார். பாத்திரம் பாத்திரமாகக் கணக்குத் தீர்த்திருப்பார். படித்துப் பாருங்கள்.

படம் பார்த்த 12 வயது மகள் நாவல் கேட்கிறாள். எந்தப் பதிப்பு வாங்குவது?
*கோவை வாசகர்*

நாட்டுடைமை ஆனதால் பல பதிப்பகங்கள் போடுகின்றன. சுருக்கப் பதிப்புகளும் கலந்து கிடக்கின்றன. ஐந்து பாகங்களின் அத்தியாய எண்ணிக்கை முறையே 57, 53, 46, 46, 91. பொருளடக்கத்தில் இது சரியாக இருந்தால் முழு நாவல். வாங்குமுன் படித்துப் பார்க்க தமிழ் மின்னூல் தொகுப்பான மதுரைத் திட்டத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. சுருக்கத்தைத் தவிர்த்துவிடுங்கள். சுருக்குகிறவர்களும் முதலில் கைவைப்பது மணிமேகலை போன்றவர்களின் கிளைக்கதைகளில்தான். வைணவ ஒற்றன் ஆழ்வார்க்கடியானின் சைவ - வைணவச் சண்டை அவளுக்குச் சலித்தால் அந்தப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போகட்டும். கடம்பூர் மாளிகை அத்தியாயங்களை மட்டும் தள்ளவிடாதீர்கள்.