பன்னிரண்டு தந்திகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கல்லூரி நாட்களிலிருந்து கிட்டார் வாசிக்கிறேன். வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருக்கின்றன. ஒரு வருடமாக பேர்ட்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் பழைய பதிவுகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். அறுபதுகளின் தோற்றத்தில் இப்போது புதிதாகச் செய்து விற்கும் பன்னிரண்டு தந்தி எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றை வாங்க ஆசை. பணம் சேர்த்துவிட்டேன். ஆனால் பழைய காலத்தின் சாயலைக் காசு கொடுத்து வாங்குவது போலித்தனமோ என்று உறுத்துகிறது. அசலான பழைய கிட்டார் கிடைக்கும்வரை காத்திருக்கலாமா? எந்த நிறம், எந்த ஆம்ப்ளிஃபையர் நல்லது? இன்னொன்று, சுருதி சேர்ப்பதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. கடைக்காரர், ‘இருக்கிற கிட்டாருக்கே ஓசையை மாற்றும் ஒரு மின்பெடல் வாங்கிக்கொள்ளுங்கள், பன்னிரண்டு தந்தி ஓசை வந்துவிடும், சுருதித் தொல்லையும் இல்லை’ என்கிறார். என் மனைவிக்கும் அதுவே சரி என்று படுகிறது.

எஸ்.
ஓசூர்

அன்புள்ள எஸ்.,

சமீபத்தில் ஒரு கச்சேரிக்குப் போயிருந்தேன். மேடையில் தம்புரா இல்லை. பாடகரின் பக்கத்தில் சிறிய மின்பெட்டி ஒன்று ஒலித்துக்கொண்டிருந்தது. சபையில் ஒருவருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. அந்த எரிச்சலோடு இருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

போலித்தனம் என்ற பேச்சை முதலில் விடுங்கள். 1964 பிப்ரவரியில் நியூயார்க்கில் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் கையில் கொடுக்கப்பட்ட ரிக்கன்பேக்கர் 360/12 என்ற பன்னிரண்டு தந்தி எலெக்ட்ரிக் கிட்டார், அந்த வகையில் முதன்முதலாகச் செய்யப்பட்ட ஒன்றிரண்டு கிட்டார்களில் ஒன்று. மரத்தில் பூசிய வார்னிஷின் மினுமினுப்புகூடக் குறையாத புத்தம் புதுப் பொருள். அதே ஆண்டு வெளியான பீட்டில்ஸ் படத்தில் அதைப் பார்த்துவிட்டுத்தான் பேர்ட்ஸின் கிட்டார்க்காரர் ரோஜர் மெக்வின் தனக்கும் ஒன்று வாங்கினார். நீங்கள் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் ஓசை அதிலிருந்து வந்தது. பழைய மரம் தேடி அவர்கள் யாரும் அலையவில்லை. பன்னிரண்டு தந்திகள் அறுபது ஆண்டுகள் இழுத்த கழுத்து எந்த நிலையில் இருக்கும் என்று நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது. அதைக் கடல் தாண்டி வரவழைத்துவிட்டுப் பழுது பார்க்க ஆள் தேட வேண்டாம். புதிதையே வாங்குங்கள்.

நிறத்தைப் பற்றி எனக்கு ஒரு கருத்தும் இல்லை. ஆம்ப்ளிஃபையர், இருப்பது போதும். அதைவிட, ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரெஸர் கருவி முக்கியம். 1965இல் வெளியான பேர்ட்ஸின் முதல் பெரிய வெற்றிப் பாட்டில் ஒலி அப்படித் தேயாமல் நீண்டு நிற்பதற்குப் பதிவுப் பொறியாளர் அதைக் கம்ப்ரெஸர் வழியாக அழுத்தியதுதான் காரணம்.

இனி அந்தப் பெடல். எனக்குக் கோபம் வந்த இடம் இது. பன்னிரண்டு தந்திகளை விரும்புகிறேன் என்று எழுதிய அதே கையால், சுருதி சேர்க்கப் பயம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் விரும்புகிற ஓசையே அந்த வேலையிலிருந்துதான் பிறக்கிறது, ஐயா!

பன்னிரண்டு தந்திகளும் ஆறு இணைகளாக நிற்கின்றன. தாழ்ந்த சுருதியின் நான்கு இணைகளில் ஒரு தடித்த தந்தியும், அதற்கு ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் மெல்லிய தந்தியும் இருக்கின்றன. உயர்ந்த சுருதியின் இரண்டு இணைகளில் இரு தந்திகளும் ஒரே சுருதி. மீட்டும் வில்லையான பிக் கீழே இறங்கும்போது இரண்டையும் ஒரே கணத்தில் தொடுவதில்லை, ஒன்றுக்குப் பின் மற்றொன்றைத் தொடுகிறது. மற்றப் பன்னிரண்டு தந்தி கிட்டார்களில் பெரும்பாலும் மெல்லியது முதலில் ஒலிக்கும். ரிக்கன்பேக்கரில் அந்த வரிசையைத் திருப்பி வைத்தார்கள். தடித்தது முதலில் ஒலிக்க, மெல்லியது அதன்மேல் வந்து படிகிறது. இதற்கு மேல், ஒரே சுருதி என்று சேர்த்த இரு தந்திகளும் முழுக்க ஒன்றாக இருப்பதே இல்லை. ஒன்று நொடிக்கு 330 முறையும் மற்றது 331 முறையும் அதிர்ந்தால், நொடிக்கொருமுறை ஓசை பொங்கித் தாழும். அந்த அலையை எங்கே நிறுத்துவது, எவ்வளவு விட்டுவைப்பது என்று முடிவு செய்வது காது. தம்புராவின் நடு இரு தந்திகளான சாரணையும் அனுசாரணையும் ஒரே சட்ஜத்தில் நின்றும் ஒன்றையொன்று உயிர்ப்பிக்கின்றனவே, அதே காரியம். பெடல் ஒரு தந்தியின் ஒலியை எடுத்துக் கணக்குப் போட்டு நகல் செய்கிறது. அங்கே இரண்டாவது தந்தி இல்லை, இரண்டாவது தந்தியின் பிடிவாதமும் இல்லை.

என் பள்ளி நாட்களில் எங்கள் ஊர்த் திருமணங்களுக்கு வரும் மெல்லிசைக் குழுவில் ஒரு கிட்டார்க்காரர் இருந்தார். அவருடையது பன்னிரண்டு தந்திகள் கொண்ட சாதாரணக் கிட்டார், எலெக்ட்ரிக் அல்ல. பந்திச் சத்தமும் ஜெனரேட்டர் இரைச்சலும் ஓயாத மண்டபத்தின் பின்புறத்தில், தாடை எலும்பைக் கிட்டாரின் விளிம்பில் அழுத்திக்கொண்டு சுருதி சேர்ப்பார். காதுக்கு எட்டாதது எலும்பு வழியாக வந்து சேரும். நான் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பேன். சுருதி ஒரு மயிரிழை ஏறிவிட்டால் அப்படியே இறக்கி நிறுத்த மாட்டார். நன்றாகத் தளர்த்திவிட்டு, கீழிருந்து மறுபடி ஏற்றுவார். இறக்கி நிறுத்திய தந்தி பாட்டின் நடுவே இன்னும் இறங்கிவிடும் என்பார். பிறகு ஒவ்வொரு தந்தியையும் விரலால் இழுத்துவிட்டு, இன்னொரு சுற்று. மேடையிலிருந்து யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டார். அவர் சரணத்துக்கு முன்னால் வெறுமனே ஒரு கார்டு மீட்டினால் போதும், பந்தியில் இலைமுன் உட்கார்ந்திருப்பவர்கள் தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். அந்தச் சம்பளத்துக்கு அவ்வளவு சிரத்தை வேண்டியதில்லை என்று குழுவிலேயே சொன்னார்கள். அவர்கள் எவருடைய வாசிப்பும் இன்று என் நினைவில் இல்லை.

டியூனர் கருவியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. இணையில் ஒன்றை ஒலிக்காதபடி விரலால் தடுத்துவிட்டு மற்றதை டியூனரால் சரிசெய்யுங்கள். பிறகு டியூனரை அணைத்துவிட்டு, துணைத் தந்தியை அதனுடன் காதால் சேருங்கள். முதல் வாரங்களில் எரிச்சல் வரும், வரட்டும். ஒரு மாதத்தில் உங்கள் மற்ற இரண்டு கிட்டார்களும் உங்களுக்கு வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கும்.

உங்கள் மனைவி மறுப்பது பணத்துக்காக என்று எனக்குத் தோன்றவில்லை. இதுவும் மூலையில் போய் நிற்குமோ என்ற கவலையாக இருக்கலாம், அது நியாயமான கவலை. இருக்கும் இரண்டுக்கும் இந்த வாரமே புதுத் தந்தி மாற்றி, ஒரு மாலை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

கடையில், கிட்டாரின் உடலில் தந்திகள் அமரும் பிரிட்ஜைக் கவனியுங்கள். ஆறு தாங்கிகள் இருந்தால் ஓர் இணையின் இரு தந்திகளுக்கும் ஒரே நீளத்தைத்தான் வைக்க முடியும். பன்னிரண்டு இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியே திருத்தலாம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஒவ்வோர் இணையையும் அமுக்கிக் கேட்ட பிறகு பணம் கொடுங்கள். ரிக்கன்பேக்கரின் கழுத்து மேல்முனையில் 41 மில்லிமீட்டர் அகலம்தான். விரல்கள் தடிமன் என்றால் இன்னும் அகலமானதைத் தேடுங்கள்.

மூன்றாம் இணையின் மெல்லிய தந்தி, கிட்டாரிலேயே மிக உயர்ந்த சுருதியில் நிற்பது. அறுந்தால் பெரும்பாலும் அதுதான் அறும். அதை மட்டும் தனியாக அரை டஜன் வாங்கிப் பெட்டியில் போட்டுவையுங்கள்.