எலியைப் பிழைக்கவைத்த எண்ணெய்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஓரிகானோ என்ற மூலிகையிலிருந்து எடுத்த எண்ணெய் கொடுத்ததால், கடுமையான கிருமித் தொற்றுக்கு ஆளான எலிகள் பிழைத்தன என்று படித்தேன். ஆய்வகத் தட்டிலேயே கிருமி சாவதைப் பார்த்துவிட்ட பிறகு எலிகளுக்கு ஏன் நோயை உண்டாக்க வேண்டும்?
— வாசகி, கும்பகோணம்

பதில்: அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001-லும் 2005-லும் வெளியிட்ட ஆய்வுகளைப் பற்றி நீங்கள் படித்திருக்கக்கூடும். முதல் ஆய்வில், கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற பூஞ்சை தொற்றிய எலிகளுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 8.6 மில்லிகிராம் ஓரிகானோ எண்ணெயை ஆலிவ் எண்ணெயில் கலந்து 30 நாள் வாய்வழியே கொடுத்தார்கள். வெறும் ஆலிவ் எண்ணெய் பெற்றவை 10 நாளுக்குள் இறந்துவிட்டன. மருந்தெண்ணெய் பெற்றவற்றில் 80 சதவீதம் பிழைத்ததோடு, அவற்றின் சிறுநீரகங்களிலும் பூஞ்சை காணப்படவில்லை.

தட்டில் வைத்த எண்ணெய் கிருமியோடு மணிக்கணக்கில் நேரடியாக உறவாடுகிறது. உடலுக்குள் போனதோ குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலில் உருமாறி, ஒரு பகுதி இரத்தப் புரதங்களில் ஒட்டிக்கொண்டு, இன்னொரு பகுதி சிறுநீரில் வெளியேறி, எஞ்சியது மட்டுமே தொற்றுள்ள இடத்தைச் சென்றடைகிறது. தட்டில் வென்ற பல பொருள்கள் இந்தப் பயணத்தில் தோற்றுப்போயிருக்கின்றன. இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. ஜெர்மனியில் கெர்ஹார்ட் டோமாக் 1932-ல் சோதித்த புரோன்டோசில் என்ற சிவப்புச் சாயம் சோதனைக் குழாயில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை ஒன்றுமே செய்யவில்லை. ஆனால் அதே கிருமி தொற்றிய எலிகளைக் காப்பாற்றியது. உடலுக்குள் அது சிதைந்து, கிருமியைத் தடுக்கும் சல்ஃபனிலமைடு என்ற பொருளாக மாறுவதே காரணம் என்று 1935-ல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தார் கண்டறிந்தனர். தட்டை மட்டும் நம்பியிருந்தால், இந்த வகையைச் சேர்ந்த சல்ஃபா மருந்துகள் கைக்கு வருவது இன்னும் தாமதமாகியிருக்கும்.

கேள்வி: அப்படியானால் இந்த எண்ணெய் வான்கோமைசின் என்ற கிருமிக்கொல்லி ஊசிக்கு நிகரானது என்று சொல்லலாமா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: சொல்லக்கூடாது. 2005-ல் வெளியான ஆய்வில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியை எலிகளுக்குச் செலுத்தினார்கள். சிகிச்சை பெறாத 14 எலிகளும் ஒரு வாரத்துக்குள் இறந்தன. ஓரிகானோ எண்ணெய் பெற்ற 14-ல் 6, வான்கோமைசின் பெற்ற 14-ல் 7 பிழைத்தன. சிகிச்சை இல்லாத எலிகளோடு ஒப்பிட்டால் எண்ணெய் பயன் தந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் இரண்டு மருந்துகளும் சமம் என்று நிறுவ 14 எலிகள் போதவே போதாது. இத்தகைய சோதனைகளில் தொற்று உண்டான சற்று நேரத்திலேயே மருந்தைத் தொடங்குவது வழக்கம் என்பதையும் மறக்கக்கூடாது. மனித நோயாளியோ பெரும்பாலும் காய்ச்சல் முற்றி, இரத்த அழுத்தம் சரிந்த பிறகுதான் மருத்துவமனைக்கு வந்து சேர்கிறார்.

இந்த எண்களுக்குப் பின்னால் துன்பப்பட்டு இறந்த உயிர்கள் இருக்கின்றன என்பதும் என்னை உறுத்துகிறது. இந்தியாவில் இத்தகைய சோதனைக்கு நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கட்டாயம். எலி தானாகச் சாகும்வரை காத்திருக்காமல், மீளாது என்று தெரிந்ததும் வலியின்றி அதன் உயிரை முடித்துவிடும் முறையே இன்று வலியுறுத்தப்படுகிறது. அது சரியான முறை என்றே கருதுகிறேன்.

கேள்வி: ஓமத்திலும் கற்பூரவல்லியிலும் ஓரிகானோ எண்ணெயில் உள்ள அதே பொருள்கள் உள்ளனவாமே, அவற்றின் எண்ணெயைக் காய்ச்சலுக்குக் குடிக்கக் கொடுக்கலாமா?
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: ஓம எண்ணெயில் தைமாலும் கற்பூரவல்லி எண்ணெயில் கார்வாக்ராலும் தைமாலும் இருப்பது உண்மைதான். எனினும் ஓமத் தண்ணீர் வேறு, வடித்தெடுத்த எண்ணெய் வேறு. எண்ணெயில் அந்தப் பொருள்கள் பல மடங்கு செறிந்திருக்கும். முதல் ஆய்வின் கிலோவுக்கு 8.6 மில்லிகிராம் கணக்கில் 20 கிராம் எடையுள்ள எலிக்குக் கிடைத்தது சுமார் 0.17 மில்லிகிராம், அதாவது ஒரு சொட்டில் மிகச் சிறு பங்கு. அதுவும் ஆலிவ் எண்ணெயில் கரைத்துத் தரப்பட்டது. குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், வேகமான மூச்சு, மனக்குழப்பம், சிறுநீர் குறைதல் ஆகியவை சேர்ந்து தென்பட்டால் அது செப்சிஸாக, அதாவது தொற்றால் உடலுறுப்புகள் பழுதாகும் ஆபத்தான நிலையாக இருக்கலாம். அந்த நிலையில் வீட்டு எண்ணெயை நம்பி ஒரு மணி நேரத்தைக்கூட வீணாக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். நீலகிரித் தைலம், கற்பூரத் தைலம் போன்றவற்றைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். சிறிதளவு விழுங்கினாலும் வலிப்பு வரலாம். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல், குப்பியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.