சாவி கெடவில்லை, கடவுச்சொல் கேட்க இடமில்லை

கேள்வி: அலுவலக உபுண்டு கணினியில் க்னூபிஜி (கோப்புகளைப் பூட்டும் குறியாக்க மென்பொருள்) கொண்டு குறியாக்கம் செய்த காப்புக் கோப்புகளை, கோப்பைப் படித்துத் தரும் ‘கேட்’ கட்டளையின் வெளியீட்டைப் பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குத் தரும் இணைப்பு) வழியே க்னூபிஜியின் ‘ஜிபிஜி’ கட்டளைக்கு அனுப்பும் ஒரு ஸ்கிரிப்டால் திறந்து வருகிறேன். நேரில் அமர்ந்து இயக்கினால் திறக்கிறது. வீட்டிலிருந்து எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினியில் உள்நுழையும் வழி) மூலம் இயக்கினால் ‘இன்அப்ரோப்ரியேட் ஐஆக்டில் ஃபார் டிவைஸ்’ என்று நின்றுவிடுகிறது. சாவி கெட்டுவிட்டதா? க்னூபிஜி கோப்புறையை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கச் சொல்கிறார் நண்பர்.

பதில்: தயவுசெய்து எதையும் அழிக்காதீர்கள். உங்கள் தனிச்சாவி (கோப்புகளைத் திறக்கும் ரகசியச் சாவி) அந்தக் கோப்புறையில்தான் இருக்கிறது. வேறெங்கும் அதன் பிரதி இல்லையென்றால், அதை அழித்த மறுகணமே பழைய காப்புக் கோப்புகள் அனைத்தும் யாராலும் திறக்க முடியாதவை ஆகிவிடும். வேறெதையும் தொடுமுன், கோப்புறை முழுவதையும் ஒரு பென்டிரைவில் நகலெடுத்துப் பத்திரமாக வையுங்கள்.

அடுத்து, ‘ஜிபிஜி’ என்பதோடு ஒரு சிறுகோடும் பெரிய எழுத்து ‘கே’யும் சேர்த்துத் தட்டுங்கள். இதற்குக் கடவுச்சொல் தேவையில்லை. ‘செக்’ என்று தொடங்கும் வரி வந்தால் சாவி இருக்கிறது. அச்சொல்லை ஒட்டி # குறி தெரிந்தால் மட்டுமே முதன்மைத் தனிச்சாவி அங்கு இல்லை என்று பொருள்.

பிழை எழுவது வேறிடத்தில். 2.1 பதிப்பு முதல் தனிச்சாவிகளைக் கையாள்வது ‘ஜிபிஜி ஏஜென்ட்’ என்னும் பின்னணி நிரல். அது ‘பின்என்ட்ரி’ என்ற இன்னொரு நிரலை ஏவிக் கடவுச்சொல் கேட்கிறது. நேரில் அமர்ந்திருக்கும்போது அதற்குத் திரையில் ஒரு சாளரம் கிடைக்கிறது. எஸ்எஸ்ஹெச்சில் சாளரம் இல்லை; உள்ளீடும் பைப்பிலிருந்து வருவதால், எந்த டெர்மினலில் (கட்டளை தட்டும் திரை) கேட்பது என்று தெரியாமல் அது தோற்றுவிடுகிறது.

ஆகவே டெர்மினலின் பெயரை நாமே சொல்லிவிட வேண்டும். கட்டளைகளை இயக்கும் நிரலான பாஷின் அமைவுக் கோப்பின் (.bashrc) இறுதியில், ‘எக்ஸ்போர்ட்’ என்று எழுதி இடைவெளி விட்டு, பெரிய எழுத்துகளில் ஜிபிஜி, அடிக்கோடு, டிடிஒய், பிறகு சமக்குறி, டாலர் குறி, அடைப்புக்குறிக்குள் சிறிய எழுத்தில் டிடிஒய் என ஒரே வரியாகச் சேர்த்து, மீண்டும் உள்நுழையுங்கள்.

‘சுடோ’ (நிர்வாகி உரிமை தரும் கட்டளை) சேர்த்து இயக்கிப் பார்க்க வேண்டாம். பழைய உபுண்டு பதிப்புகளில் கோப்புறையில் சில கோப்புகள் ரூட் (நிர்வாகி) பெயருக்கு மாறி, ‘பெர்மிஷன் டினைட்’ (அனுமதி மறுப்பு) என்ற புதிய சிக்கலைக் கொண்டுவரலாம்; புதியவற்றில் ரூட்டின் கோப்புறையில் தேடி, சாவி இல்லை என்று சொல்லும். கோப்புறை உங்கள் பெயரில், 700 அனுமதியோடு (உரிமையாளர் மட்டுமே அணுகலாம்) இருப்பதே சரி.

இரவில் தானாக ஓடும் கிரான் பணிக்கு டெர்மினலே கிடையாது. ஆனால் குறியாக்கம் செய்யப் பொதுச்சாவி (தனிச்சாவியின் இணையான, யாருக்கும் தரக்கூடிய சாவி) மட்டும் போதும் என்பதால், அப்பணி கோப்புகளைப் பூட்டுவதோடு நிற்கட்டும்; திறக்கும் வேலையை நீங்கள் உள்நுழைந்து செய்யுங்கள், கடவுச்சொல்லை ஸ்கிரிப்டுக்குள் எழுதி வைக்க வேண்டிய அவசியமே வராது.