குச்சியில் தெரியும் கோடு: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: கென்யா போன்ற நாடுகளில் இளைஞர்கள் எச்.ஐ.வி. பரிசோதனையைத் தாங்களே வீட்டில் செய்துகொள்வதாகப் படித்தேன். ரத்தம் எடுக்காமல், வாயில் குச்சியைத் தடவிப் பார்ப்பதை எப்படி நம்புவது? எச்சிலில் கிருமி இருக்கிறதா?
- வாசகர், திருப்பூர்

பதில்: அந்தக் குச்சி தேடுவது கிருமியை அன்று, கிருமிக்கு எதிராக நம் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை. ஈறுகளின் ஓரத்தில் கசியும் நீரில் அது இருக்கும் என்பதால், மேல் ஈறில் ஒரு முறையும் கீழ் ஈறில் ஒரு முறையும் தடவி, உடன் வரும் திரவக் குப்பியில் குச்சியை நிறுத்திவைத்தால் 20 நிமிடத்தில் முடிவு தெரியும். 40 நிமிடம் கடந்தபின் பார்க்கும் கோட்டுக்கு மதிப்பில்லை. எச்சிலால் எச்.ஐ.வி. பரவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குச்சியைப் பார்த்துப் பழைய பயம் திரும்பிவிடக் கூடாது.

அமெரிக்காவில் 2012-ல் இதைக் கடைகளில் விற்க அனுமதித்தபோது அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் தந்த கணக்கு இது: எச்.ஐ.வி. உள்ள 12 பேர் தாமே சோதித்தால் ஏறக்குறைய ஒருவருக்கு ‘இல்லை’ என்று தவறாக வரலாம். இல்லாத 5,000 பேரில் ஒருவருக்கு ‘உண்டு’ என்று வரலாம். ஆகவே நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது ‘இல்லை’ என்ற முடிவிடம்தான். தொற்று ஏற்பட்ட புதிதில் எதிர்ப்பொருள் தென்படாது என்பதால், சந்தேகத்துக்குரிய நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து மறுபடியும் சோதித்தாக வேண்டும்.

கேள்வி: மருத்துவமனையில் இலவசமாகவே பார்க்கிறார்களே, ஆண்களுக்கென்று வீட்டிலேயே சோதித்துக்கொள்ளும் இந்தச் சலுகை எதற்கு?
- வாசகி, மதுரை

பதில்: சலுகை என்று நான் சொல்லமாட்டேன். பெண்களுக்குக் கர்ப்ப காலப் பரிசோதனையோடு எச்.ஐ.வி. பரிசோதனையும் நடந்துவிடுகிறது, இளைஞனை மருத்துவமனைக்குள் வரவழைக்க அப்படியொரு வாசல் கிடையாது. ஒரு நாள் கூலியை விட்டு வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசையில் தெரிந்தவர் யாரேனும் நின்றால், முடிவு வருமுன்பே ஊரில் பேச்சு கிளம்பிவிடும்.

கென்யாவின் கிசுமு நகரில் நடந்து, 2016-ல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கர்ப்ப கால, பிரசவத்துக்குப் பிந்தைய கவனிப்புக்கு வந்த 600 பெண்களில் ஒரு பகுதியினரிடம் கணவருக்கு அல்லது துணைவருக்கு மருத்துவமனைக்கு வருமாறு அழைப்புச் சீட்டு கொடுத்தார்கள். மற்றவர்களிடம் சுயபரிசோதனைப் பெட்டிகளையே கொடுத்தனுப்பினார்கள். மூன்று மாதத்தில், சீட்டு பெற்ற பெண்களின் துணைவர்களில் சுமார் 52 விழுக்காட்டினரும், பெட்டி பெற்றவர்களின் துணைவர்களில் சுமார் 91 விழுக்காட்டினரும் பரிசோதித்துக்கொண்டதாகத் தெரியவந்தது. ஆண்களுக்கு அக்கறையே இல்லை என்ற வழக்கமான குற்றச்சாட்டை இந்த எண்களுக்குப் பின் நான் நம்புவதில்லை. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனமும் சுயபரிசோதனையைப் பரிந்துரைத்தது.

ஆனால் மணமாகாத இளைஞனுக்குப் பெட்டியை யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்ற கேள்வி மீதமிருக்கிறது. நைஜீரியாவில் போட்டி வைத்து, இளையோரிடமே அதற்கு யோசனை கேட்டார்கள். அது சரியான வழி என்பது என் எண்ணம். யார் கொடுத்தாலும், மனைவியோ முதலாளியோ கட்டாயப்படுத்திச் சோதிக்க வைப்பது தவறு.

கேள்வி: கோடு இரண்டு வந்துவிட்டால்?
- பெயர் வேண்டாம், சேலம்

பதில்: குச்சியில் இரண்டு கோடு தெரிந்தால் ‘உண்டு’ என்று பொருள். ஆனால் அதை உறுதியான முடிவாகக் கொள்ளாதீர்கள். அரசு மருத்துவமனையிலுள்ள நம்பிக்கை மையத்தில் ரத்தப் பரிசோதனையால் உறுதிசெய்ய வேண்டும். கட்டணம் இல்லை, ஆலோசகரும் இருப்பார். உங்கள் ஒப்புதலின்றிச் சோதிப்பதையும் முடிவை வெளியில் சொல்வதையும் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. தொற்று உறுதியானால் கூட்டு மருந்து சிகிச்சையை உடனே தொடங்கலாம். ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவின் வழியே பிறருக்குப் பரவாது. ஏற்கெனவே கூட்டு மருந்து எடுத்துக்கொள்பவர்கள் இந்தக் குச்சியால் தங்களைச் சோதித்துக்கொள்ளக் கூடாது. அவர்களுக்கு அது தவறாக ‘இல்லை’ என்று காட்டக்கூடும். நேரில் போகத் தயக்கமிருந்தால் முதலில் 1097 என்ற இலவச எண்ணில் பேசுங்கள்.

பயப்படும்படியான சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், குச்சியைத் தேடிக்கொண்டிருக்காமல் இப்போதே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பு மருந்து கேளுங்கள்.